சாரத்திலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு? முகாம் தொழிலாளிக்கு முன்னால் இருக்கும் நான்கு வழிகள்

தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம் எதற்குள் போய், ஆண்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டாலும் முதலில் வரும் பதில் பெயின்ட் வேலைதான். கும்மிடிப்பூண்டியிலும் அதுதான், திருச்சி கொட்டப்பட்டிலும் அதுதான். பொறியியல் முடித்த பிள்ளையும் பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளையும் ஒரே மேஸ்திரியிடம் பட்டி பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலையில் போனால் மாலையில் கூலியோடு திரும்பலாம். யாரும் கடவுச்சீட்டைக் கேட்க மாட்டார்கள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் வேலைக்குப் போகாமல் நின்றுவிடலாம். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு தலைமுறையைச் சாரத்தில் ஏற்றிவிட்டன.

இந்த வீடுகளில் நாற்பது ஆண்டுகளாக ஒரு பேச்சு ஓயாமல் நடக்கிறது. இப்படியே அகதிப் பதிவோடு இருந்துவிடுவதா? குடியுரிமைக்கு முயல்வதா? நீண்டகால விசா கேட்பதா? ஊருக்கே திரும்பிவிடுவதா? காணி, பிள்ளைகளின் கல்யாணம், பழைய பயம், பழைய ஆசை எல்லாவற்றையும் போட்டுத்தான் மக்கள் இதை நிறுக்கிறார்கள். அது சரிதான். ஆனால் வேலை உரிமை என்ற ஒன்றை மட்டும் தனியே எடுத்து நிறுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. இங்கே நான் அதை மட்டும் செய்கிறேன்.

அளவுகோலாக ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து ஒருவர் விழுகிறார். அல்லது மூன்று வாரக் கூலியைத் தராமல் மேஸ்திரி இழுத்தடிக்கிறார். மறுநாள் காலை அவரோ அவருடைய மனைவியோ தொழிலாளர் அலுவலகத்தின் படியேற முடியுமா? ஏறினால் கேட்டது கிடைக்குமா, அல்லது கேட்டவர் மேலேயே ஏதாவது வந்து விழுமா? நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

1983 ஜூலை கலவரத்துக்குப் பின் இங்கே வந்து இறங்கியவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இன்று ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், காவல் நிலையப் பதிவோடு வெளியே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் இருக்கிறார்கள். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அந்த ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது: உள்நாட்டுத் தொழிலாளர் நலனுக்காக வெளிநாட்டவர் வேலைக்குப் போடும் தடைகளை, மூன்று ஆண்டு வசித்துவிட்ட அகதிமேல் போடக்கூடாது. உலகம் மூன்று ஆண்டு என்று எழுதிவைத்த இடத்தில், இங்கே பிறந்தவர்களுக்கே நாற்பது வயதாகிவிட்டது.

முதல் வழி, இருக்கிற பதிவோடு இருப்பது. பெரும்பாலானவர்கள் இதில்தான் இருக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்ட முடிவானது. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்ந்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளை பெற்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் கொடை வேறு, உரிமை வேறு. இந்த அறிவிப்புகளில் எதுவும் வேலைத்தளத்தில் அந்தப் பெயின்டருக்குச் சட்டப்படி ஓர் இடத்தைத் தரவில்லை.

முகாமில் பலரும் நம்பிக்கொண்டிருப்பதற்கு மாறாக, சட்டத்தில் அவருக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவும், அரசு வேலையில் சமவாய்ப்பைச் சொல்லும் 16-ஆம் பிரிவும் குடிமக்களுக்கு மட்டும்தான். சட்டத்தின் முன் சமம் என்னும் 14, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21, அதோடு 23 ஆகிய பிரிவுகள் அப்படியல்ல, இந்த மண்ணில் நிற்கும் எந்த மனிதருக்கும் உரியவை. 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த கூலித் தொகுப்புச் சட்டமும் தொழிலாளியை வரையறுக்கும்போது கூலிக்கு வேலை செய்பவர் என்றுதான் சொல்கிறது, எந்த நாட்டவர் என்று கேட்கவில்லை.

விபத்துக்கும் அப்படித்தான். 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வரும்வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். முப்பது வயதுக்காரர் வேலையில் இறந்துபோனால், மாதக் கூலியில் பாதியை 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் கணக்குக்கு எடுத்துக்கொண்ட உச்சக் கூலி 15,000 ரூபாய். அப்படியானால் 15,59,850 ரூபாய். உயிர் பிழைத்து, முழுதும் வேலை செய்ய முடியாமல் படுத்துவிட்டால் பாதிக்குப் பதில் நூற்றுக்கு அறுபது: 18,71,820 ரூபாய். கேட்ட மாத்திரத்தில் மேஸ்திரி கைவிரிப்பார், அவரிடம் அவ்வளவு பணம் இருக்கவும் இருக்காது. அதனால்தான் சட்டம் அவரைத் தாண்டி, அவருக்கு வேலையை விட்ட முதன்மை முதலாளியிடமே கேட்கலாம் என்கிறது. ஆனால் முகாம்களில் இறுதிச் செலவுக்கு ஏதோ கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிற வழக்கத்தைப் பற்றித்தான் கேள்விப்படுகிறோம். பதினைந்து லட்சத்துக்கும் அந்தச் சில ஆயிரங்களுக்கும் நடுவில் நிற்பது சட்டமில்லை, பயம்தான்.

அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்தவர் 2003-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. கேஸ் என்று போனால் முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறைப் பிரிவான கியூ பிராஞ்ச் வருமோ, பதிவை வெட்டிவிடுவார்களோ, முகாம் மாற்றிவிடுவார்களோ என்று நினைக்கிற வீட்டில் யாரும் படியேற மாட்டார்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தோடு சேர்ந்து ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். இது உண்மையிலேயே பெரிய ஆறுதல். படியேறுகிறவரின் முதுகில் இருந்த ஒரு சுமை இறங்கிவிட்டது. ஆனால் தண்டனை கிடையாது என்பதற்கும் வேலை செய்ய உரிமை உண்டு என்பதற்கும் இடையே வெகு தூரம். மேஸ்திரியிடம் கூலிக்குப் போகிறவருக்கு அந்தத் தூரம் தெரியாது. நிறுவனத்தில் நேர்காணலை முடித்துவிட்டு ஆவணங்களை நீட்டுகிற அவருடைய மகளுக்குத் தெரியும்.

அந்த மகளுக்காகத்தான் இரண்டாவது வழியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றிய உள்துறை 2011 டிசம்பரில் வகுத்த நடைமுறையின்படி, இன்னலுக்கு அஞ்சி வந்தவர் என்று ஏற்கப்பட்ட வெளிநாட்டவருக்கு நீண்டகால விசா தரலாம். அதை வைத்திருப்பவர் தனியார் துறையில் எந்த வேலைக்கும் போகலாம், எந்தக் கல்வி நிலையத்திலும் படிக்கலாம். டெல்லியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிவு செய்த வேறு நாட்டு அகதிகளிடம் இந்த விசா புழக்கத்தில் இருந்திருக்கிறது. முகாம் மக்களுக்கு இது பொதுவாக எட்டவே இல்லை. தண்டனை விலக்கு வந்துவிட்ட பின்னும், பதிவு செய்த அத்தனை பேருக்கும் இதைத் தராமலிருக்க நியாயமான காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

விசா, அனுமதிச் சீட்டு என்று பேசும்போது மற்ற நாடுகள் பட்ட பாட்டையும் பார்த்துவிட வேண்டும். 2016-ல் சிரிய அகதிகளுக்கு இரண்டு லட்சம் வேலைவாய்ப்பு என்று ஜோர்டான் ஒப்புக்கொண்டது. தொடக்கத்தில் வேலை அனுமதி குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. அப்படியென்றால் கூலி கேட்டுச் சண்டை போட்டால் வேலை மட்டும் போகாது, அனுமதியும் போகும். கட்டடத் தொழிலாளி வாரத்துக்கு ஓர் இடம் மாறுகிறவர், அவருக்கு அது ஒத்தே வராது. அடுத்த ஆண்டே கட்டடத் துறையில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வழியாக, எந்த முதலாளியோடும் கட்டாத அனுமதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. துருக்கியும் 2016-ல் வேலை அனுமதி தந்தது. முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும், ஓர் இடத்தில் உள்ளூர்த் தொழிலாளரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிரியர் கூடாது என்று வைத்தது. சிரியர்களில் பெரும்பாலோர் பதிவில்லாத வேலையிலேயே கிடந்தார்கள். உக்ரைன் போர் வெடித்த சில நாட்களிலேயே, 2022 மார்ச் 4-ல், ஐரோப்பிய ஒன்றியம் தன் 2001-ஆம் ஆண்டுத் தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை முதன்முறையாக நடப்புக்குக் கொண்டுவந்தது. வேலை செய்யும் உரிமை அந்தத் தகுதியோடு சேர்ந்தே வந்தது. ஒரு முதலாளியின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த வழியைக் கேட்பவர்கள் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சீட்டு தொழிலாளியின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், முதலாளியின் மேசை டிராயரில் இருக்கக் கூடாது. இதில் இன்னொரு குறையும் உண்டு. விசா என்பது காலக்கெடு உள்ளது, புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்க வேண்டிய மாதத்தில் யாரும் முதலாளியோடு வழக்குக்குப் போக மாட்டார்கள்.

மூன்றாவது, குடியுரிமை. என் அளவுகோலில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. குடிமகனாகிவிட்டவர் படியேறும்போது கேட்பதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும், அவருடைய கூலி. அரசு வேலைக்கான கதவும், சட்டம் படித்த பிள்ளை வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான கதவும் இதனால்தான் திறக்கும். சிக்கல் தேதிகளில் இருக்கிறது.

1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின், 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குத் தாயோ தந்தையோ ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அந்தத் தேதியிலிருந்து, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். இதை ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். அம்மா 1984-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர், அதனால் இந்தியர். அப்பா 1990-ல் படகில் வந்தவர். மூத்த பிள்ளை 2003-ல் பிறந்தது, அதுவும் இந்தியர். இளைய பிள்ளை 2005-ல் பிறந்தது, அது இந்தியரல்ல. ஒரே பாயில் படுத்து ஒரே பள்ளிக்குப் போன பிள்ளைகளில் ஒன்று அரசுத் தேர்வு எழுதலாம், மற்றது எழுத முடியாது.

ஆனாலும் இந்தத் தேதிகளுக்குள்தான் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு கதவு இருக்கிறது. 1983-க்கும் 1987-க்கும் நடுவில் இங்கே பிறந்தவர்கள் யாரிடமும் குடியுரிமையை யாசிக்க வேண்டியதில்லை, பிறந்ததை நிரூபித்தால் போதும். 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தரும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அந்த நான்கு ஆண்டுகளில் பிறந்தவர்கள் எல்லா முகாம்களிலும் இருப்பார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுப்பதுதான் முதல் வேலை. தாயின் சான்றிதழ் கிடைத்தால் 2004-க்கு முன் பிறந்த பிள்ளைக்கும் வழி பிறக்கும்.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் நியாயம் இன்னும் பழையது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சி ஓடிவந்து, ஒப்பந்தப்படி வந்தவர்களோடு சேராமல் அகதிக் கணக்கில் விழுந்தார்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த அறுபத்தைந்து பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களுடைய விண்ணப்பங்களை ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. அந்தச் சட்டத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த ஒரு பெயர் விடுபட்டது இந்த மக்களுக்கு ஆறாத காயம்.

1990-ல் படகில் வந்தவருக்கோ, அவருக்கும் அவரைப் போலவே படகில் வந்தவருக்கும் 1995-ல் பிறந்த பிள்ளைக்கோ இன்றைய சட்டத்தில் நேர்வழி இல்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அவர்களிடம் குடியுரிமைக்காகக் காத்திரு என்று சொல்வது, அதுவரை கூலிக்கும் காத்திரு என்று சொல்வதாக ஆகிவிடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இலங்கைக்குத் திரும்பும் எண்ணத்தில் பலர் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்து அந்நாட்டுக் குடியுரிமைச் சான்று வாங்கியிருக்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பது சட்டம். ஒரு கதவுக்காக வாங்கிய தாள் இன்னொரு கதவைச் சாத்திவிடக்கூடும். பிறந்த தேதிகளை வரிசையாக எழுதி, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

நான்காவது, திரும்பிப் போவது. காகிதத்தில் பார்த்தால் இது குறைவானதல்ல. அங்கே இறங்கியவுடன் அவர் குடிமகன். 1958 முதல் நடப்பிலுள்ள சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி நூற்றுக்கு எட்டும் முதலாளி பன்னிரண்டும் கட்ட வேண்டும். நினைத்தபடி வேலையிலிருந்து நிறுத்தவிடாமல் தடுக்கும் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது. வடக்கில் சொந்தக் காணியும் சொந்தக்காரரும் மிச்சமிருக்கிற ஒரு மீனவக் குடும்பத்துக்கு, மயிலிட்டித் துறை 2017-ல் விடுவிக்கப்பட்டதுபோல் தன் ஊரும் விடுபட்டிருந்தால், நான் போகலாம் என்றே சொல்வேன். அங்கே அவருக்குத் தொழில் இருக்கிறது.

மற்றவர்களுக்கு அப்படியில்லை. நாற்பத்தைந்து வயதுவரை தமிழ்நாட்டில் சுவரைத் தேய்த்த ஒருவருக்கு இங்கேயும் சேமநிதி இல்லை, அங்கேயும் இல்லை. முதல் மாதச் சம்பளத்திலிருந்து தொடங்க வேண்டும். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் திரும்பிய ஒரு முதியவர், யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும், பல ஆண்டுகளுக்கு முன் முறையான ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்று கைதானார். உயிருக்குப் பயந்து ஓடியதைக் குற்றமாக எழுதினால் யாருக்குத் திரும்ப மனம் வரும்? அந்தச் சட்டத்தை இலங்கை மாற்றாத வரை, எந்தக் குடும்பத்தையும் கிளம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆக, யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் பொறுத்தது. 1987-க்கு முன் இங்கே பிறந்தவரும், அவர் வழியில் 2004-க்கு முன் பிறந்த பிள்ளைகளும் நேரே கடவுச்சீட்டுக்குப் போகட்டும். மலையக வழியினர் தாத்தா பாட்டியின் தோட்டப் பதிவையும் பழைய விண்ணப்ப எண்ணையும் தேடி எடுத்துக்கொண்டு வழக்கோடு நிற்கட்டும். மற்ற எல்லோருக்கும், முக்கியமாகப் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகளுக்கும், முதலாளியோடு கட்டாத நீண்டகால விசாவைக் கூட்டாகக் கேட்பதே அருகில் இருக்கும் வழி. இதில் எதைத் தேர்ந்தாலும், முதல் வழியில் சொன்ன தொழிலாளர் சட்டங்களை இன்றைக்கே பயன்படுத்தத் தொடங்க வேண்டும். அவை மற்ற மூன்றுக்கும் மாற்று அல்ல, மூன்றும் வந்து சேரும்வரை காலூன்ற இடம்.

மாநில அரசு இதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. குடியுரிமை ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது, தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. முகாம் அடையாள அட்டையே கட்டடத் தொழிலாளர் நலவாரியப் பதிவுக்குப் போதும் என்றும், கூலி கேட்டோ இழப்பீடு கேட்டோ மனுக் கொடுத்தவரின் முகாம் பதிவை அதற்காகத் தொடக்கூடாது என்றும் தெளிவாக ஓர் அரசாணை போட்டால், பெயர்ப் பலகை மாற்றியதைவிட அது பெரிய மறுவாழ்வு.

அதுவரை வீட்டில் ஒரு நோட்டு இருக்கட்டும். எந்தத் தேதி, எந்தத் தெரு, யாருடைய கட்டடம், மேஸ்திரியின் போன் எண், எவ்வளவு கூலி பேசியது, எவ்வளவு வந்தது. வேலைத்தளத்தின் பெயர்ப் பலகையைப் போனில் ஒரு படம். கூகுள் பேயில் வந்த கூலியை அழிக்காமல் வைத்திருப்பது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்க, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் இனக் கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தகுதி தருகிறது, குடிமக்களா என்று அது கேட்கவில்லை. விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.